ஒருத்தனும் யோக்கியன் இல்லை, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களைக் களமாகக் கொண்ட குற்றக்கதைகளைப் பற்றி நாலு வரி எழுதி, சில நாவல்களின் பெயரையும் கொடுத்திருந்தேன். கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. சில கடிதங்களில் கோபம், சிலவற்றில் ஆசை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதற்கே ஒதுக்குகிறேன்.

நீங்கள் சொன்னதை நம்பி 'விண்டர்ஸ் போன்' வாங்கிப் படித்தேன். அப்பன் போதை மருந்து காய்ச்சுகிறான், பெரியப்பன் அதற்கு அடிமை, சொந்தக்காரப் பெண்களே சேர்ந்து ஒரு சின்னப் பெண்ணை அடித்து நொறுக்குகிறார்கள். ஒருத்தனும் யோக்கியன் இல்லை. இதையெல்லாம் எதற்கு விரும்பிப் படிக்க வேண்டும்?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

டேனியல் வுட்ரெல் 2006இல் எழுதிய அந்த நாவலை ஒருமுறை நம் ஊர்க் கண்ணால் திரும்பப் பாருங்கள். ரீ டாலிக்குப் பதினாறு வயது. அம்மாவுக்கு மனநிலை சரியில்லை, கீழே இரண்டு தம்பிகள். அப்பன் ஜாமீனில் வந்தவன், அந்த ஜாமீனுக்கு அவன் எழுதிக் கொடுத்தது குடியிருக்கிற வீட்டையும் அதை ஒட்டின காட்டையும். வாய்தா அன்றைக்கு அவன் கோர்ட்டில் நிற்கவில்லை என்றால் வீடு போய்விடும், ஆளையோ காணோம். அவ்வளவுதான் கதை. ஒரு பத்திரம், ஒரு வாய்தா தேதி, பனியில் வீடு வீடாக நடந்து அப்பாவைப் பார்த்தீர்களா என்று கேட்கிற ஒரு பெண். நம் பக்கத்துக் கோர்ட் வாசல் எதிலாவது அரை நாள் நின்றவர்களுக்கு, பங்காளி ஒருவனுக்காகத் தன் தோட்டத்துச் சொத்தை ஜாமீன் காட்டிவிட்டு, அவன் வாய்தாவுக்கு வருவானா மாட்டானா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறவரின் முகம் தெரிந்திருக்கும். மிசௌரியின் ஓசார்க் மலையில் நடக்கிற கதை எனக்கு அந்நியமாகவே படாததற்குக் காரணம் அந்த முகம்தான். (ஓசார்க் சரியான தெற்கு இல்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடட்டும். இந்தக் கதைகளின் குடும்பத்திலிருந்து அதைப் பிரிக்க முடியாது.)

இப்போது அந்தப் பெரியப்பன் விஷயத்துக்கு வருவோம். முதலில் அவள் உதவி கேட்டுப் போகும்போது மிரட்டி அனுப்புகிறான், அந்தப் பக்கங்களில் அவன்மேல் நமக்கு வெறுப்பைத் தவிர வேறெதுவும் வராது. பிறகு அவள் அடிபட்டுக் கிடக்கும்போது, அத்தனை பேர் நடுவிலும் தனியாகப் போய் நின்று தம்பி மகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறவனும் அவன்தான். திருந்திவிட்டானா என்றால் இல்லை, போதைப் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது, நாளைக்கு அவன் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. முதல் பக்கத்திலேயே ஒருவனை நல்லவன் என்று எழுதிவிட்டால் கடைசிப் பக்கம் வரை அவன் என்ன செய்வான் என்று நமக்குத் தெரியும். இவனைப் பற்றி எதுவும் தெரியாது, அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் பயப்படுகிறோம், ஒவ்வொரு பக்கத்திலும் எதையோ எதிர்பார்க்கிறோம். வரப்புத் தகராறில் நம்மைக் கோர்ட்டுக்கு இழுத்த அதே பங்காளி நம் வீட்டில் ஒரு இழவு விழுந்தால் விடியும் முன் பந்தக்கால் ஊன்ற வந்து நிற்பதை நாம் பார்த்ததில்லையா? அப்படிப்பட்டவரை நல்லவர் பட்டியலில் சேர்ப்பதா கெட்டவர் பட்டியலில் சேர்ப்பதா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது, ஆனால் அவரைப் பற்றி முந்நூறு பக்கம் கொடுத்தால் ராத்திரி விழித்திருந்து படிப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகளில் குற்றம் வானத்திலிருந்து விழுவதில்லை, பெரும்பாலும் கடனிலிருந்து வருகிறது. எஸ். ஏ. காஸ்பியின் 'பிளாக்டாப் வேஸ்ட்லேண்ட்' 2020இல் வந்தது. வர்ஜீனியாவில் கார் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஒரு கறுப்பினத்தவன், பழைய காலத்தில் கொள்ளைக்காரர்களுக்கு வண்டி ஓட்டினவன், இப்போது மனைவி பிள்ளைகளோடு ஒழுங்காக இருக்கிறான். புதிதாக வந்த ஒர்க்ஷாப் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொள்கிறது, அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி நிற்கிறது, பிள்ளைகளின் செலவு நிற்கிறது. ஃபைனான்ஸில் தறி போட்டவர்களும் டெம்போ எடுத்தவர்களும் மாசக் கடைசியில் போடுகிற கணக்கையே அவனும் போடுகிறான், கூடவே நாமும் போடுகிறோம், ஒரே ஒரு தடவை மட்டும் என்று அவன் கிளம்பும்போது போகாதே என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் காஸ்பி அதோடு விடவில்லை. கடன் அவனைத் தள்ளியது பாதி உண்மை, அவனுக்கு அந்த ஓட்டம் பிடித்திருக்கிறது என்பது மீதி. அப்பன் விட்டுப்போன பழைய டஸ்டர் காரில் உட்கார்ந்ததும் அவன் கைக்கு வருகிற உயிரைப் படிக்கும்போது, குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்று அவன் சொல்வது எவ்வளவு நிஜம், எவ்வளவு சாக்கு என்று பிரிக்க முடியாமல் போகிறது. இதற்காகத்தான் நான் இவற்றைப் படிக்கிறேன்.

நான் ராஜேஷ்குமார் நாவல்கள் படித்து வளர்ந்தவள். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபடுவான், புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நீங்கள் சொல்லும் கதைகளில் அந்த நிம்மதியே இல்லையே?
— வாசகி, பெருந்துறை

ராஜேஷ்குமார் நம் கோயம்புத்தூர்க்காரர், ஆயிரத்து ஐந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதியவர். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய அந்தச் சின்னப் புத்தகங்கள் இல்லாமல் எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு வாசிப்புப் பழக்கமே வந்திருக்காது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு, முடிச்சு ஒழுங்காக அவிழ்கிற ஒரு கதை தேவைதான்.

அமெரிக்கத் தெற்கில் அந்த முடிச்சு ஏன் அப்படி அவிழ்வதில்லை என்பதற்குச் சரித்திரத்தில் காரணம் இருக்கிறது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினப் பையனைக் கடத்திக் கொன்றார்கள். செப்டம்பரில் விசாரணை, ஜூரியில் இருந்த அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள், சுமார் ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரையும் விடுதலை செய்தார்கள். 1956 ஜனவரியில் அந்த இரண்டு பேரும் ஒரு பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். ஒருமுறை விடுதலை ஆனவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை. யார் கொன்றது என்று ஊருக்கே தெரியும், பிறகு உலகத்துக்கே தெரியும், தண்டனை இல்லை. இப்படியொரு மண்ணில் கதை எழுத உட்காருகிறவர் "கொலைகாரன் யார்" என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அந்தக் கேள்விக்கு அங்கே பதில் முதலிலேயே இருக்கிறது. தெரிந்துகொண்டே எப்படி எல்லோரும் ஒரே ஊரில், ஒரே சர்ச்சில், ஒரே மளிகைக் கடையில் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதுதான் எழுத வேண்டிய விஷயமாகிறது.

போலீஸ் முறையும் ஒரு காரணம். அங்கே மாவட்டத்து ஷெரிஃபை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் இன்ஸ்பெக்டர் எங்கிருந்தோ வருவார், கொஞ்ச காலத்தில் மாற்றலில் போய்விடுவார். அந்த ஷெரிஃப் அதே ஊரில் பிறந்தவர், கைது செய்ய வேண்டிய ஆளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், அடுத்த தேர்தலில் அவன் வீட்டு வாசலுக்கே ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியவர். காஸ்பியின் 'ஆல் தி சின்னர்ஸ் ப்ளீட்' நாவலில் ஒரு கறுப்பினத்தவர் முதல்முறையாகத் தன் ஊருக்கு ஷெரிஃப் ஆகிறார், அவருடைய ஒவ்வொரு முடிவிலும் இந்தச் சிக்கல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிம்மதியாகத் தூங்க முடியாதுதான். இரண்டையும் படியுங்கள், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டாம்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? என் ஆங்கிலம் சுமார்தான்.
— வாசகர், பல்லடம்

டாம் ஃபிராங்க்ளின் எழுதிய 'க்ரூக்கட் லெட்டர், க்ரூக்கட் லெட்டர்', 2010. நடை எளிது, கதை பிடித்து இழுக்கும். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர், இளம் வயதில் லாரி ஆட் என்பவன் கூட்டிப்போன பெண் திரும்பி வரவில்லை. எதுவும் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் ஊர் முடிவு பண்ணிவிட்டது, அதற்கப்புறம் அத்தனை வருடமும் அவன் தினமும் ஒர்க்ஷாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். இன்னொரு பெண் காணாமல் போகிறாள், அங்கிருந்து கதை. விசாரிக்க வருகிற கான்ஸ்டபிள் சின்ன வயதில் அவனோடு ரகசியமாகச் சிநேகம் வைத்திருந்த கறுப்பினப் பையன். ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்ன, ஒருவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரே போகாமல் நிறுத்திவிட்டால் அவன் என்ன ஆவான் என்பது நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இது முடிந்ததும் வுட்ரெல், அதற்குப் பிறகு காஸ்பி. மிசிசிப்பியின் பழைய பெரிய எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரை இப்போதைக்குத் தொட வேண்டாம், அவர் வாக்கியங்கள் பழகக் கொஞ்ச காலம் ஆகும்.

என் கணவர் குடித்துவிட்டு அடிப்பார், இப்போது உயிரோடு இல்லை. அந்த மாதிரி ஆளைக் கதாநாயகனாக வைத்து, அவன் மனசுக்குள் போய்ப் பாருங்கள் என்று எழுதுகிறீர்கள். அடி வாங்கினவள் மனசுக்குள் யார் போய்ப் பார்ப்பது?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, காங்கேயம்

அம்மா, வந்த கடிதங்களிலேயே என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையது. நீங்கள் கேட்டது நியாயம். இந்த வகையில் நிறையப் புத்தகங்கள் இதில் தோற்கின்றன. முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பிணம், அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு ஆண்களின் துக்கம், குடி, பழிவாங்கல். செத்தவள் என்ன சாப்பிட்டாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள், எதற்குப் பயந்தாள் என்று ஒரு வரி இருக்காது. அந்தப் புத்தகங்களை நான் பாதியில் வைத்துவிடுகிறேன். குறையுள்ள மனிதன் என்று சொல்லி அவன் கொடுமைக்கு ஒரு சோகப் பாட்டுப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை.

நல்லவை வேறு மாதிரி இருக்கின்றன. காஸ்பியின் 'ரேஸர்பிளேட் டியர்ஸ்' நாவலில் இரண்டு அப்பன்கள். ஒருவன் கறுப்பு, ஒருவன் வெள்ளை, இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள். இவனுடைய மகனும் அவனுடைய மகனும் ஒருவரை ஒருவர் கல்யாணம் செய்துகொண்டவர்கள், அதை ஏற்க முடியாமல் இந்த அப்பன்கள் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள், கல்யாணத்துக்கும் போகவில்லை. இப்போது மகன்கள் இருவரையும் யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்பன்கள் சேர்ந்து கொலைகாரர்களைத் தேடிக் கிளம்புகிறார்கள். சண்டைக் காட்சிகள் நிறைய, ஆனால் எத்தனை பேரை அடித்தாலும், உயிரோடு இருந்தபோது நீ ஏன் அவனை வீட்டுக்குள் விடவில்லை என்ற கேள்வி அவர்களை விடுவதில்லை, ஆசிரியரும் விடுவதில்லை. செத்துப்போன பிள்ளைகள் அந்தப் புத்தகத்தில் முழு மனிதர்களாக இருக்கிறார்கள், அப்பன்களைவிட நல்ல மனிதர்களாக இருக்கிறார்கள். பிள்ளை தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டது என்பதற்காகத் தலை முழுகினேன் என்று சொல்லி அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருக்கிற அப்பன்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க வேண்டிய புத்தகம் இது.

ஜேம்ஸ் லீ பர்க் 1987இல் தொடங்கிய வரிசையில் வருகிற லூயிசியானா போலீஸ்காரன் ராபிஷோவும் குடிகாரன்தான், ஆனால் குடியை விட்டுவிட்டு அதே நோய் உள்ளவர்களின் கூட்டத்துக்குப் போய் உட்காருகிறவன், ஒவ்வொரு நாளும் அந்த ஒரு டம்ளரைத் தாண்ட வேண்டியவன். அங்கே குடி அழகாக இல்லை.

ஒருவனைப் புரிந்துகொள்வதும் அவனை விட்டுவிடுவதும் ஒன்றல்ல என்று நான் நம்புகிறேன். ஆனால் அதை உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் நினைக்கிறேன். அடித்தவனைப் புரிந்துகொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, நாங்கள் வெளியிலிருந்து படிக்கிறோம், நீங்கள் உள்ளே இருந்தவர். உங்களுக்கு வேண்டியது ரீ டாலி கதையாக இருக்கலாம். அதில் எல்லா ஆண்களையும் அவள் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அதுவும் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ப்ளஸ் டூ படிக்கும் என் மகன் இதைக் கேட்கிறான். படிக்க விடலாமா?
— வாசகர், சத்தியமங்கலம்

விடுங்கள். அவன் போனில் பார்க்கிறதைவிட இதில் ரத்தம் குறைவு, ரத்தத்துக்கு விலையும் உண்டு. நீங்களும் கூடப் படித்தால் சாப்பிடும்போது பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

எங்கள் அப்பிச்சி சந்தையில் கொலைச்சிந்து புத்தகம் வாங்கி வந்து ராகம் போட்டுப் படிப்பார். அதற்கும் நீங்கள் சொல்வதற்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகி, பவானி

நேரடிச் சம்பந்தம், அம்மிணி. எங்கோ ஒரு கொலை நடக்கும், கொஞ்ச நாளில் மட்டமான காகிதத்தில் அச்சடித்த சிந்து சந்தைக்கும் ரயிலுக்கும் வந்துவிடும், ஒருவர் பாடிக்கொண்டே விற்பார். யார் யாரை எதற்காக எங்கே வைத்து வெட்டினார் என்பது முழுக்க இருக்கும், தங்கையைக் கொன்ற அண்ணனுக்கும் அழுவதற்கு நாலு வரி கிடைக்கும்.

அமெரிக்கத் தெற்கிலும் இதே பழக்கம் இருந்திருக்கிறது. வடக்குக் கரோலினாவில் டாம் டூலா என்பவனை லாரா ஃபாஸ்டர் என்ற பெண்ணைக் கொன்ற குற்றத்துக்காக 1868இல் தூக்கில் போட்டார்கள். அவனைப் பற்றி மலைக் கிராமங்களில் பாடிய பாட்டு தொண்ணூறு வருடம் கழித்து, 1958இல், இசைத்தட்டாக வந்து நாடு முழுக்கப் பரவியது. கொன்றவனை நடுவில் நிறுத்தி அவன் தலை தொங்குவதைப் பாடுகிற அந்தப் பழக்கம்தான் பிற்பாடு நாவலுக்குள் வந்தது என்பது என் எண்ணம். நம்மிடம் சிந்து இருந்தது, உடுக்கடிப் பாட்டு இருந்தது, ராத்திரி ராத்திரியாக அண்ணன்மார் கதை கேட்டு, சங்கர் சாகும் இடத்தில் சாமி வந்து விழுந்தவர்கள் இருந்தார்கள். சாவைப் பாடத் தெரிந்த ஊர் இது. அப்பிச்சியின் புத்தகங்கள் ஏதாவது பரண்மேல் கிடந்தால் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள், இரண்டு பக்கத்தைப் படம் எடுத்தாவது எனக்கு அனுப்புங்கள்.

அமெரிக்காவை விடுங்கள். நம் கொங்கு நாட்டில் இப்படி எழுத ஆள் இல்லையா?
— வாசகர், பொள்ளாச்சி

இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. புருஷன் செத்தவள் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், கொழுந்தன் குடும்பத்தோடு மனக்கசப்பு, நடுவில் தூண்டிவிட ஒருவன், பாகப்பிரிவினைத் தகராறு கொலையில் போய் முடிகிறது. நாகம்மாள் நல்லவளா கெட்டவளா என்று சண்முகசுந்தரம் கடைசி வரை நமக்காக முடிவு செய்து தரவில்லை. தமிழின் முதல் வட்டார நாவல் என்று அதைப் பாடத்தில் வைத்தார்கள், குற்றக்கதை என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு கிராமத்துக்கு வருகிற ஜோடி, தினம் தினம் இறுகுகிற ஊர். அந்தக் கடைசிப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு மூச்சு முட்டியது. அவ்வளவு பயத்தை நான் எந்தத் துப்பறியும் கதையிலும் அனுபவித்ததில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறோம் என்று. விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் ராத்திரி தண்ணீர் திருடுவது உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, முறைத் தண்ணீர் கடைமடைக்கு வராமல் போகும்போது அங்கே ஒருவர் மனசில் என்ன ஓடும் என்பதிலிருந்தே ஒரு நாவல் பிறக்கும். திருப்பூர்ச் சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த தோட்டங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஒரே நாளில் வேலை போனவர்களும் இருந்தார்கள், இனியாவது கிணறு தெளியும் என்று சாமி கும்பிட்டவர்களும் இருந்தார்கள், ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்திருப்பார்கள். 2012இல் ஈமு கோழி முதலீடுகள் கவிழ்ந்தபோது பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள், சொந்தத்தை நம்பித்தான் பலர் போட்டிருந்தார்கள், சேர்த்துவிட்ட மச்சானும் மாமனும் அப்புறம் எந்த முகத்தோடு விசேஷத்துக்கு வந்தார்கள்? மீட்டர் வட்டி, சந்துக்கடை, சேவக்கட்டு என்று இன்னும் எவ்வளவோ.

இவையெல்லாம் இருந்தும், நடு விஷயத்தை எழுதவில்லை என்றால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம். அமெரிக்கத் தெற்கின் குற்றக்கதையில் நிறவெறியைத் தொடாமல் சதுப்பு நிலம், துப்பாக்கி, விஸ்கி, கொச்சைப் பேச்சு மட்டும் வைத்து எழுதியவையும் நிறைய இருக்கின்றன, அவை எதுவும் நிற்கவில்லை. நின்றவை எல்லாம் அந்தப் பழைய கணக்கைத் திறந்தவை. டெக்சாஸைப் பற்றி எழுதுகிற அட்டிகா லாக்கின் 'புளூபேர்ட், புளூபேர்ட்' அப்படித் திறந்த ஒன்று. நமக்கு அது சாதி. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 2016 மார்ச்சில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஓர் இளைஞனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை நாடே கேமராப் பதிவில் பார்த்தது. இப்படி ஒரு கொலைக்கு முந்தின ராத்திரி, கற்பனையாக ஒரு வீட்டுத் திண்ணையில், யார் வாயைத் திறந்தார்கள், யார் திறக்கவில்லை, சமையலறையில் நின்ற அம்மா எதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள், பிள்ளைப் பாசம் நிஜமாகவே உள்ள ஒரு அப்பன் எந்த நிமிஷத்தில் தலையை ஆட்டினான், எவனுக்கு எவ்வளவு பணம் கை மாறியது, இவற்றை ஒருவர் உள்ளே இருந்து எழுத வேண்டும். கொன்றவர்களை அரக்கர்களாக எழுதினால் நாம் எல்லோரும் தப்பித்துக்கொள்வோம், அவர்கள் நம் மாதிரி விருந்துக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் என்று எழுதினால்தான் யாரும் தப்பிக்க முடியாது. கொல்லப்பட்டவனையும் ஒரு செய்தியாக எழுதாமல், அவன் வாங்கிய முதல் சம்பளத்தோடும் அவன் அம்மா அவனுக்காக எடுத்து வைத்த குழம்போடும் எழுத வேண்டும்.

ஏன் எழுதவில்லை என்பதற்குப் பயமும் ஒரு காரணம். ஒரு நாவலுக்காகப் பெருமாள்முருகனைச் சுற்றி எழுந்த எதிர்ப்பில் 2015 ஜனவரியில் அவர் இனி எழுதுவதில்லை என்று அறிவிக்கும் நிலைமைக்குப் போனார், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்ப எழுத வந்தார். இதைப் பார்த்த இளைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் எழுதுங்கள் என்றுதான் கேட்பேன்.

திருச்செங்கோடு. போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், வடக்கே ரொம்ப தூரம் போயிருக்கிறேன். ஒரு கொலைக்கதை மனசில் இருக்கிறது. படிப்பு பத்தாவதோடு சரி. எழுத முடியுமா?
— வாசகர், திருச்செங்கோடு

முடியும் தம்பி. லாரி பிரவுன் என்று ஒருவர், மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்ட் ஊரில் தீயணைப்பு வண்டியில் வேலை பார்த்தவர், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தில் தேறாதவர். வேலைக்கு நடுவில் எழுதி எழுதி அனுப்பினார், வருடக்கணக்கில் திரும்பி வந்தன. 1991இல் வந்த அவருடைய 'ஜோ' நாவலில் நாயகன் ஒரு கூலி மேஸ்திரி, ஜெயிலுக்குப் போய் வந்தவன், குடிகாரன். காட்டில் வேண்டாத மரங்களுக்கு விஷம் ஏற்றிச் சாகடிக்கிறது அவன் ஆட்களின் வேலை, அதைச் செய்தால்தான் கம்பெனி அங்கே பைன் மரம் நடும். மரத்தை எப்படிக் கீறுவார்கள், விஷம் எப்படி இறங்கும், மழை வந்தால் கூலி எப்படிப் போகும் என்று அவர் எழுதியிருக்கிற விதத்திலேயே அந்த மனிதர்களின் வாழ்க்கை தெரிந்துவிடும்.

அதனால் முதலில் கொலையை எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள். கம்ப்ரசர் சத்தத்தில் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்வீர்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் குழியிலிருந்து வெறும் புகையாக வந்துகொண்டிருக்கும்போது தோட்டத்துக்காரர் முகம் எப்படி இருக்கும், இன்னும் நூறு அடி போடச் சொல்கிறவர் கையில் பணம் இருக்கிறதா இல்லையா என்பது வண்டியில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரிந்துவிடும், ஊர் பேர் தெரியாத இடத்தில் சம்பளம் பாக்கி வைத்த முதலாளியைப் பற்றி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்ன பேசுவீர்கள். இதை முப்பது பக்கம் எழுதினால் யார் யாரைக் கொல்லப் போகிறான் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நாயகனுக்கு நியாயம் கற்பிக்க வேண்டாம், அவன் செய்த சின்ன அயோக்கியத்தனங்களையும் விடாமல் எழுதுங்கள். பேச்சு உங்கள் ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும், திருத்த வேண்டாம். நிஜத்தில் நடந்ததை எடுத்தால் ஆள் பெயரையும் ஊரையும் வண்டி நம்பரையும் மாற்றிவிடுங்கள், அது உங்களுக்கும் நல்லது, அந்தக் குடும்பத்துக்கும் நல்லது.

முதல் அத்தியாயம் முடிந்ததும் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் படிக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் எழுதி ஓரத்தில் இடம் விடுங்கள்.